ஆம்பளைக்கு எதுக்கு ஆபரேஷன்? நீலகிரி மலையிலிருந்து ஒரு பழைய கணக்கு

நீளமான பதிவு நண்பர்களே. ஒரு டீ போட்டு வெச்சுக்கிட்டுப் படிங்க. ஆண்களோட இனப்பெருக்க உறுப்புகள் பத்தினதுதான், முகம் சுளிக்க வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புல "இதை நீங்களே படிச்சுக்கங்க"ன்னு வாத்தியார் தாண்டிப் போனாரே, அதே பாடம். அவர் தாண்டிப் போனதுக்கான விலையை யாரோ கொடுத்துட்டு இருக்காங்க. அது யாருன்னு பார்க்கத்தான் இந்தப் பதிவு.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவுல இருக்கிற ஒரு எஸ்டேட்டுல இருந்து ஒரு தம்பதி வந்தாங்க. அந்தப் பொண்ணுக்கு 27 வயசு, கொழுந்து பறிக்கிற வேலை. ரெண்டாவது குழந்தை பிறந்து மூணு மாசம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கணும்னு வந்திருந்தாங்க. ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 6.8. ஏழுக்குக் கீழ இருந்தா பண்ணக் கூடாதுங்கிறது அரசாங்க விதி. சொன்னேன்.

கணவர் சொன்னார், "பரவாயில்ல சார், அவளுக்கு ரத்தம் ஏறட்டும். அப்புறம் கூட்டிட்டு வர்றேன்."

"ஏன், நீங்க பண்ணிக்கலாமே? கால் மணி நேர வேலை. அதுக்கு அவங்க ரத்தம் ஏறுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் கவாத்து வெட்டுற ஆளு சார். மூட்டை தூக்கணும், மருந்து டேங்க்கை முதுகுல கட்டிக்கிட்டு மேட்டுல ஏறணும். அங்க கை வெச்சா உடம்பு விட்டுப் போயிடும்."

அந்தப் பொண்ணு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க, "நான் மட்டும் என்ன, நாற்காலியிலயா உக்காந்து பறிக்கிறேன்?"

இந்த உரையாடல் இந்த மலைக்குப் புதுசு இல்லை. இதுக்குக் குறைஞ்சது எழுபது வருஷ வரலாறு இருக்கு.

இந்தியா 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமா அறிவிச்சது. அதுல அறுவை சிகிச்சைப் பக்கம் முன்னாடி ஓடின மாநிலம் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ் மாநிலம். அதுவும் ஆண்களுக்கான வாசக்டமியில.

அதுக்குப் பின்னால இருந்தவர் ஆர்.ஏ. கோபாலசுவாமி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தின ஐ.சி.எஸ். அதிகாரி. அந்தக் கணக்கெடுப்பு அறிக்கையில அவர் ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். மூணு குழந்தை பெத்த ஒரு தாய் நாலாவது பெத்தா, அதை "முன்யோசனை இல்லாத தாய்மை"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு ஆங்கிலச் சொல்லால குறிச்சார். கவனிச்சுப் பாருங்க, தாய்மை. தகப்பனுக்கு முன்யோசனை இருந்துச்சா இல்லையான்னு கேள்வியே இல்லை!

ஆனா அதே மனுஷர், பிறகு மெட்ராஸ் மாநிலத்தோட தலைமைச் செயலரா வந்தப்போ, தீர்வை ஆண்கள் கிட்டதான் தேடினார். அதையும் சொல்லணும், இல்லாட்டி நியாயமில்லை. வாசக்டமி எளிமையானது, வயித்தைத் திறக்க வேண்டியதில்லை, மயக்க மருந்து நிபுணர் வேண்டாம், சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலயும் பண்ணலாம். 1950களோட கடைசியில மெட்ராஸ் அரசு ஆபரேஷன் பண்ணிக்கிறவருக்கு 30 ரூபாய் கொடுத்துச்சு. ஆளைக் கூட்டிட்டு வர்றவருக்கும் தனியா ஒரு தொகை. இந்த 'ஆள் பிடிக்கிற' முறை பின்னாடி நாடு முழுக்கப் பரவி என்னென்ன பண்ணுச்சுங்கிறது வேற கதை, கீழ வருது.

விஷயம் இதுதான். நம்ம தாத்தாக்கள் காலத்துல, இந்த மாநிலத்துல, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்னா பெரும்பாலும் ஆம்பளை ஆபரேஷன்தான்.

இப்ப 1971-க்கு வாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையோட ரெண்டு பக்கமும் ஒரே வருஷத்துல ரெண்டு வேற வேற விஷயம் நடந்துச்சு.

மேற்கே எர்ணாகுளம். மாவட்டக் கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் 1970 கடைசியில ஒரு வாசக்டமி முகாம் நடத்தினார், ஒரு மாசத்துல 15,005 பேர். அடுத்த 1971 ஜூலையில இன்னொன்னு. அறுபதாயிரத்துக்கும் மேல ஆண்கள்! திருவிழா மாதிரி நடந்துச்சு. பணமும் பொருளும் கொடுத்தாங்க, வெளி மாவட்டங்கள்ல இருந்தெல்லாம் ஆள் வந்தாங்க. உலகமே திரும்பிப் பார்த்துச்சு.

கிழக்கே நம்ம நீலகிரி. குன்னூர்ல உபாசி இருக்கே, தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், 1893-ல் தொடங்கினது. அதோட மருத்துவ ஆலோசகரா இருந்தவர் டாக்டர் வி.ஐ. சாக்கோ. அவரும் ரொனால்ட் ரிட்கர்ங்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணரும் சம்பந்தப்பட்ட ஒரு திட்டம், நீலகிரியில மூணு டீ எஸ்டேட்டுல 1971-ல் தொடங்குச்சு. ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும் அவங்க பேர்லயே ஒரு சேமிப்புக் கணக்கு. கர்ப்பம் இல்லாத மாசத்துக்கு 5 ரூபாய் நிர்வாகம் அதுல போடும். குழந்தை பிறந்தா சேர்ந்ததுல இருந்து கழியும். பிள்ளை பெறும் வயசு தாண்டின பிறகு மொத்தமா கையில வரும்.

நிர்வாகத்துக்கு இதுல என்ன லாபம்னு கேட்டா, 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம். குடியிருப்பு, வைத்தியம், ஐம்பது பெண்களுக்கு மேல வேலை செஞ்சா பிள்ளைக் காப்பகம், எல்லாம் எஸ்டேட் தலையில. லயன்ல பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் கணக்குப் புத்தகத்துல ஒரு செலவு. அந்தச் செலவை மிச்சம் பிடிச்சு, அதுல ஒரு பங்கைத் தாய்க்கே கொடுத்துடலாம்னு யோசனை. வெளியில ஆடு மாடு மாதிரி ஆள் பிடிச்சுக்கிட்டு இருந்த காலத்துல இது எவ்வளவோ கண்ணியமான யோசனைன்னுதான் நான் சொல்வேன். 1971-ல் ஒரு கொழுந்து பறிக்கிற பொண்ணோட பேர்ல தனியா காசு சேருதுங்கிறது லேசான விஷயம் இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். கர்ப்பம் வந்தா கழியுறது யாரோட கணக்கு? அவளோடது மட்டும்தான். அதே லயன்ல, அதே வீட்டுல, அதே குழந்தைக்குத் தகப்பனா இருக்கிறவருக்குக் கணக்கும் இல்லை, கழிவும் இல்லை. அவர் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தா மனைவியோட கணக்கு மாசா மாசம் ஏறிக்கிட்டே இருந்திருக்கும். அப்படி ஒரு வழி இருக்குன்னு நினைக்கவிடாம தடுத்தது எது?

அந்தக் கவாத்துக்காரர் சொன்ன அதே பயம்தான்.

இந்தப் பயத்துக்கு ரெண்டு வேர். ஒண்ணு, விந்து பத்தின நம்பிக்கை. சித்த மருத்துவத்துல ஏழு உடற்தாதுக்கள் சொல்வாங்க. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளைன்னு ஒண்ணுல இருந்து ஒண்ணு விளைஞ்சு கடைசியில சுக்கிலம். கடைசியில கிடைக்கிறதாலயே அது ரத்தத்தை விட ஒசத்தின்னு ஊர்ல ஆயிடுச்சு. இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்தா ஒரு சொட்டு விந்துன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு. இந்தக் கணக்கை வெச்சே மாசத்துல ஒரு நாள் லாட்ஜ்ல ரூம் போட்டுச் சம்பாதிக்கிற வைத்தியர்களை நீங்க பஸ் ஸ்டாண்ட் சுவர்ல பார்த்திருப்பீங்க.

இன்னொரு வேர், மாடு. காளைக்குக் காயடிக்கிறதைப் பார்த்து வளர்ந்த சமூகம் நாம. ஆம்பளைக்குக் குடும்பக் கட்டுப்பாடுன்னா "காயடிக்கிறது"ன்னு கேலி பேசுறது இன்னைக்கும் டீக்கடையில கேட்கலாம்.

(இதுல ஒரு வேடிக்கை. 1899-ல் குன்னூருக்கு ரயில் வர்ற வரைக்கும் மேட்டுப்பாளையத்துல இருந்து மலை மேல சாமான் ஏத்தினது மாட்டு வண்டிதான். அந்தப் பாரத்தை இழுத்தது காயடிச்ச மாடு. காயடிச்சா பாரம் தூக்க முடியாதுன்னு சொல்றவர் வண்டி மாட்டைப் பார்த்ததே இல்லையோன்னு எனக்குத் தோணும்.)

ஆனா வாசக்டமி காயடிக்கிறது இல்லை. இது புரியணும்னா உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தாகணும். ஓ.பி. சீட்டுக்குப் பின்பக்கம் நான் வரையுற படத்தை இங்க எழுத்துல வரையுறேன்.

விதைப்பைக்குள்ள ரெண்டு விதை. உடம்புச் சூட்டை விட ரெண்டு மூணு டிகிரி குறைவா இருந்தாதான் விந்தணு சரியா உற்பத்தி ஆகும், அதனாலதான் இயற்கை அதை வெளியில தொங்கவிட்டிருக்கு. குளிர்ந்தா ஒரு தசை சுருங்கி மேல இழுத்துக்கும், சூடானா தளர்த்திவிடும். டிசம்பர்ல ஊட்டியில உறைபனி விழுறப்போ "சின்னதாயிடுச்சு சார்"னு பயந்து வர்ற பையன்களுக்கு நான் எழுதித் தர்ற மருந்து ஒரு கம்பளி.

ஒவ்வொரு விதைக்குள்ளயும் முடி மாதிரி மெல்லிசான குழாய்கள், நீட்டிப் போட்டா நூத்துக்கணக்கான மீட்டர் வரும். அதுலதான் விந்தணு உருவாகுது. ஒண்ணு முழுசா உருவாக ரெண்டரை மாசம் பக்கம் ஆகும். ஆனா ஒரே நேரத்துல அத்தனை இடத்துலயும் வேலை நடக்கிறதால, ஒரு நாளைக்குப் பத்துக் கோடி கூட வெளியே வரும். அப்புறம் விதைக்குப் பின்னால ஒட்டியிருக்கிற எபிடிடிமிஸ். சுருண்டு கிடக்கிற ஒரே குழாய், பிரிச்சா ஆறு மீட்டர். அங்க ஊர்ந்து போற நாட்கள்லதான் விந்தணு நீந்தப் பழகுது. அங்கிருந்து விந்துக் குழாய். கெட்டியான நூல் மாதிரி கையில தட்டுப்படும், ஒரு முழம் நீளம். விதைப்பையில இருந்து மேலேறி, அடிவயித்துக்குள்ள போய், மூத்திரப்பைக்குப் பின்னால சுத்தி, பிராஸ்டேட் சுரப்பிக்குள்ள இறங்கும்.

இப்ப முக்கியமான இடம். விந்துங்கிறதுல விந்தணு எவ்வளவு? நூத்துல சுமார் 65 பங்கு விந்துப்பைங்கிற சுரப்பியில இருந்து வர்ற திரவம். 25, 30 பங்கு பிராஸ்டேட்ல இருந்து. விதையில இருந்து அந்தக் குழாய் வழியா வர்றது அஞ்சு பங்குக்குள்ளதான். வாசக்டமியில வெட்டிக் கட்டுறது அந்தக் குழாயை மட்டும். அளவுல வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. உற்பத்தியான விந்தணு வெளியே வர வழியில்லாம உடம்பே உறிஞ்சிக்கும்.

சரி, ஆண்மை? மீசை, தசை, ஆசை, வேகம், அதெல்லாம் எங்கிருந்து வருது?

அதே விதையிலதான் உற்பத்தி ஆகுது. ஆனா வர்ற வழி வேற. இதைக் கண்டுபிடிச்சது மனுஷன் கிட்ட இல்லை, சேவல் கிட்ட. 1849-ல் ஜெர்மனியோட கோட்டிங்கன் நகரத்துல ஆர்னால்ட் பெர்த்தோல்ட்னு ஒரு பேராசிரியர். ஆறு இளஞ்சேவல் எடுத்து விதையை நீக்கினார். ரெண்டை அப்படியே விட்டார். அதுங்க கொண்டை சுருங்கி, கூவாம, சண்டை போடாம சாதுவாப் போச்சு. மத்த நாலுக்கும் ஒரு விதையை வயித்துக்குள்ள சும்மா போட்டுத் தைச்சார். ரெண்டுக்கு அதோடதே, ரெண்டுக்கு இடம் மாத்தி அடுத்ததோடது. நாலும் கொண்டை வளர்த்துச்சு, கூவுச்சு, சண்டைக்குப் போச்சு, கோழியைத் துரத்துச்சு.

அறுத்துப் பார்த்தா பழைய நரம்பு சேரலை, குழாய் எதுவும் சேரலை. புதுசா முளைச்சிருந்தது ரத்த நாளம் மட்டும். அப்படின்னா சேவலைச் சேவலாக்குற ஏதோ ஒண்ணு ரத்தம் வழியாத்தான் போகுது. அது என்னன்னு தெரிய இன்னும் 86 வருஷம் ஆச்சு. 1935-ல் ஆம்ஸ்டர்டாம்ல பிரிச்செடுத்தாங்க. டெஸ்டோஸ்டிரோன். விந்தணுக் குழாய்களுக்கு நடுவுல இருக்கிற லேடிக் செல்கள் அதைச் சுரந்து நேரா ரத்தத்துல விடுது. வெட்டுற குழாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

கவாத்துக்காரருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். "உங்க லயன் வீட்டுக்குத் தண்ணி பைப் ஒண்ணு வருது, கரண்ட் கம்பி ஒண்ணு வருது. பைப்பை அடைச்சா லைட் எரியாம போகுமா?"

இன்னொரு கூத்தைச் சொல்லாம விட மனசு வரலை. 1920கள்ல வியன்னாவுல ஆய்கன் ஸ்டைனாக்னு ஒரு விஞ்ஞானி. விந்துக் குழாயைக் கட்டிட்டா, உள்ளே லேடிக் செல்கள் பெருகி, இழந்த இளமை திரும்பி வந்துடும்னு சொன்னார். ஐரோப்பாவுல வசதியானவங்க வரிசையில நின்னாங்க. 1923-ல் சிக்மண்ட் ஃப்ராய்ட் பண்ணிக்கிட்டார். 1934-ல், 68 வயசுல, ஐரிஷ் கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸ் பண்ணிக்கிட்டு, புது இளமை வந்துடுச்சுன்னு சந்தோஷமா இருந்தார். உண்மையில இளமையும் வரலை ஒண்ணும் வரலை. அதே கத்திரி, அதே குழாய். அங்கே ஆண்மை கூடும்னு பண்ணிக்கிட்டாங்க, இங்கே ஆண்மை போயிடும்னு ஓடுறாங்க. குழாய்க்கு ரெண்டும் தெரியாது.

சரி, முன்னாடி விட்ட கதைக்கு வர்றேன். எமர்ஜென்சி. 1976-77 ஒரே நிதியாண்டுல நாடு முழுக்க 82 லட்சத்துக்கு மேல ஆபரேஷன். அதுல 62 லட்சம் ஆண்கள். டார்கெட், சம்பள நிறுத்தம், ரேஷன் மிரட்டல், வட மாநிலங்கள்ல போலீஸ் சுத்தி வளைச்சுத் தூக்கினதுன்னு எல்லாம் நடந்துச்சு. கருத்தடை ஆபரேஷனோட தொடர்புடையதா 1,774 மரணங்களை ஷா கமிஷன் பதிவு பண்ணியிருக்கு. 1977 தேர்தல்ல ஆட்சி போச்சு. அடுத்த வருஷம் மொத்த ஆபரேஷனே பத்து லட்சத்தைத் தொடலை.

அரசியல்வாதிகள் அன்னைக்குக் கத்துக்கிட்ட பாடம், "கட்டாயப்படுத்தக் கூடாது"ங்கிறது இல்லை. "ஆம்பளை கிட்ட போகக் கூடாது"ங்கிறதுதான். திட்டத்தோட பேரைக் குடும்ப நலம்னு மாத்தினாங்க, பிரசவ வார்டுப் பக்கம் திரும்பினாங்க. லேப்ராஸ்கோப்பும் வந்துடுச்சு. ரெண்டாவது பிரசவம் ஆஸ்பத்திரியில, அப்படியே அங்கேயே ஆபரேஷன். தமிழ்நாடு இதை நாட்டுலயே கச்சிதமா பண்ணுச்சு. பண்ணினது மொத்தமும் பெண்ணோட உடம்புல.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்ற கணக்கு இது. தமிழ்நாட்டுல திருமணமான பெண்கள்ல 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. கணவர் பண்ணிக்கிட்டது 0.1 சதவீதம். முப்பது ரூபாய் கொடுத்து ஆண்கள் வரிசையில நின்ன அதே மாநிலம்.

இத்தனைக்கும் சிகிச்சை இப்ப எவ்வளவோ எளிமை. 1974-ல் சீனாவோட சிச்சுவான்ல டாக்டர் லி ஷுன்சியாங் உருவாக்கின முறை, கத்தியே இல்லை. மரத்துப்போக ஊசி, சின்ன ஓட்டை, தையல் கிடையாது, பண்ணிட்டு நடந்தே வீட்டுக்குப் போகலாம். தழும்பில்லா வாசக்டமின்னு அரசு ஆஸ்பத்திரியில இலவசம். கையில 1,100 ரூபாயும் கொடுக்கிறாங்க, பெண்களுக்குக் கொடுக்கிறதை விட அதிகம்.

குறையே இல்லையான்னா, இருக்கு. சிலருக்கு வீக்கம், ரத்தக்கட்டு வரும். நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு நாள்பட்ட வலி நிக்கும். மறுபடி சேர்த்துக்கலாம்னு நம்பிப் பண்ணக் கூடாது, அதுக்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொண்ணு, இதைப் பெரிய எழுத்துல எழுதணும். ஆபரேஷன் பண்ணின அன்னைக்கே பலன் கிடைக்காது. வெட்டின இடத்துக்கு மேல ஏற்கனவே நிக்கிற விந்தணு காலியாக மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஆணுறையோ வேற வழியோ வேணும். மூணு மாசம் கழிச்சு விந்துப் பரிசோதனை பண்ணி, அணு இல்லைன்னு எழுத்துல வாங்கினாதான் முடிஞ்சதா அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துறேன்னா, பல வருஷம் முன்னாடி வேற ஒரு மலைக் கிராமத்துல ஒரு அம்மாவைப் பார்த்தேன். கணவர் ஒரு முகாம்ல பண்ணிக்கிட்டவர். மூணு மாசக் கணக்கை யாரும் சொல்லலை, டெஸ்டும் இல்லை. ரெண்டாவது மாசமே அந்தம்மா கர்ப்பம். ஆபரேஷன் பண்ணின புருஷனுக்கு எப்படிடீ பிள்ளைன்னு மாமியார் கேட்டாங்க, லயன் முழுக்கக் கேட்டுச்சு. அந்தம்மா என் கிட்ட வந்தப்போ பேச்சே வரலை, சீட்டை மட்டும் நீட்டினாங்க. கணவரைக் கூப்பிட்டு அவர் விந்தைப் பரிசோதிச்சேன். அணுக்கள் இருந்துச்சு. அந்த ரிப்போர்ட்டை மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க ஒண்ணும் சொல்லலை, வெளியே போய் உக்காந்துட்டாங்க. ஒரு வாக்கியம் சொல்லாம விட்டதுக்கு அதையும் சுமந்தது அந்தம்மாதான்.

கவாத்துக்காரர் கதை என்னாச்சுன்னு கேட்பீங்க.

அன்னைக்கு அவர் ஒண்ணும் சொல்லாம போயிட்டார். நான் வரைஞ்ச ஓ.பி. சீட்டை மட்டும் மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். அந்தப் பொண்ணுக்கு இரும்புச்சத்து ஊசி ஆரம்பிச்சோம். ரெண்டு வாரம் கழிச்சு அவர் தனியா வந்தார். பொண்டாட்டி வரலையான்னு கேட்டேன், வேலைக்குப் போயிருக்கான்னார். ஆண்மை பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டது வேற.

"எத்தனை நாள் சார் மூட்டை தூக்காம இருக்கணும்?"

ரெண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாதுன்னேன்.

"ஒரு வாரக் கூலி போயிடுமே."

நியாயமான கேள்வி. பெண்ணுக்கு ஆபரேஷன்னா சட்டப்படி ரெண்டு வாரம் சம்பளத்தோட விடுப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ.ல இருக்கிற ஆண்களுக்கு ஏழு நாள் உண்டு. தோட்டத் தொழிலாளிங்க பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே. அரசு கொடுக்கிற 1,100 ரூபாய் ரெண்டு மூணு நாள் கூலிக்குத்தான் சரியா வரும். கவாத்து சீசன் முடியட்டும், மழை நாள்ல வேலை குறையுறப்போ வாங்கன்னேன்.

"ஆகஸ்ட்ல வர்றேன்"னு எழுந்தவர் கதவு கிட்ட போய்த் திரும்பினார். "சார், லயன்ல குடலிறக்க ஆபரேஷன்னு சொல்லிக்கிறேன். நீங்க யார் கிட்டயும் சொல்லிடாதீங்க."